சின்னக்கண்ணு பார்க்காமல் சொன்ன ஒரே வண்டி

சின்னக்கண்ணுவைப் பற்றிக் கள்ளக்குறிச்சியில் யாராவது வாயைத் திறந்தால் எனக்குக் கோபம் வரும். நல்லதாகச் சொன்னாலும் வரும். பதினேழு வருடமாக அவன் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரத் தடுப்புதான். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் இருமினால் அவன் அந்தப் பக்கத்திலிருந்து, "மாத்திர போட்டியாக்கா?" என்பான். அவனைப் பற்றிச் சொல்வதென்றால் நான் சொல்கிறேன், மற்றவர்கள் சும்மா இருக்கட்டும்.

என் பெயர் விஜயலட்சுமி. கச்சிராயபாளையம் ரோட்டில் வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. வீட்டுக்காரர் ஆரம்பித்தது, அவர் போன பிறகு நான் பார்க்கிறேன். "பொம்பளைக்கு இன்னா தெரியும் பியூஸப் பத்தி" என்று சிரித்தவர்கள் இன்றைக்கு என்னிடம்தான் பியூஸ் வாங்குகிறார்கள். சின்னக்கண்ணு பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன், என்னைவிட ஆறு வயது சின்னவன். ரிஷிவந்தியம் பக்கம் ஊர் ஊராகக் கரும்பு வெட்டப் போன குடும்பம். அவனும் வெட்டியவன்தான். இடது கையில் கட்டைவிரலுக்குக் கீழே அரிவாள் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

கார், வேன், ஜீப், டிராக்டர் எது வந்தாலும் ஒயர் வேலை அவன் பார்ப்பான். இன்றைக்கு எல்லாரும் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிறார்கள். அவனிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் கையில் எப்போதும் இருப்பது அவனே செய்த டெஸ்ட் லேம்ப்தான். ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், முனையில் ஊசி. அந்த ஊசியை ஒயரில் குத்திப் பார்த்துக் கரண்ட் எதுவரைக்கும் வருகிறது, எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டே போவான். அரை நாள் ஆனாலும் சரி, கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டான்.

ஒரு பிடிவாதம் மட்டும் அவனுக்கு உண்டு. பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டான். சின்னசேலத்திலிருந்து போன் போட்டு, "மீட்டர்ல இஞ்சின் படம் போட்ட லைட்டு எரியுதுண்ணே, இன்னாவா இருக்கும்?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான். "வண்டிய கொண்டாங்க, பாத்து சொல்றேன்." நான் அவனைக் கிண்டல் பண்ணுவேன். "ஜாதகத்தையே போன்ல அனுப்பிப் பலன் கேக்கறாங்க. நீ மட்டும் இன்னா பெரிய பிகு பண்ணிக்கினு?"

"ஜாதகம் தப்பாப் போனா சண்ட போட்டுக்கினு பிரிஞ்சிடுவாங்கக்கா. ஒயரு தப்பாப் போனா வண்டியே எரிஞ்சிடும்" என்பான்.

வேடியப்பன் எங்களுக்குப் பழக்கமானது ஆறு வருடத்துக்கு முன்னால். வெள்ளிமலைப் பையன். கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன், சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்கினான். வாங்கியபோது அதில் ஒயர் என்று சொல்ல எதுவுமே இல்லை, எலி கடித்து வைத்திருந்தது. சின்னக்கண்ணுதான் ஒன்பது நாள் உட்கார்ந்து தலையிலிருந்து வால் வரைக்கும் புதிதாக ஒயர் இழுத்துக் கொடுத்தான். அதிலிருந்து வேடியப்பனுக்கு அண்ணன் என்றால் இவன்தான். வெள்ளிக்கிழமை கீழே இறங்கினால் அவன் மனைவி செவ்வந்தி வேகவைத்துக் கொடுத்த மரவள்ளிக்கிழங்கு ஒரு தூக்கு நிறைய வரும். பாதி எனக்கு. சின்னக்கண்ணுவுக்குக் குழந்தை இல்லை. வேடியப்பன் வந்துவிட்டால் அவன் குரலே மாறிவிடும், அதை நான் தகரத்துக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டிருக்கிறேன்.

போன வருடம் ஆடி மாதம் அந்த ஜீப்பில் ஆயில் லைட் எரிய ஆரம்பித்தது. இஞ்சினுக்குள் ஆயில் அழுத்தம் குறைந்தால் மீட்டரில் சிவப்பாக எரியும் சின்ன விளக்கு. சாவி போட்டதும் எரியும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். அதுதான் சரி. இவன் வண்டியில் அது அணையவே இல்லை. முன்சீட்டில் உட்காருகிற ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று வேடியப்பன் வந்து நின்றான். கச்சிராயபாளையத்தில் யாரோ, "அந்த ஒயர வெட்டி வுட்டுடு, தொல்ல வுடும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"வெட்டி வுட்டா தொல்ல வுடாது, உசுருதான் வுடும்" என்று சின்னக்கண்ணு கத்தினான். அவன் கத்தி நான் கேட்டது குறைவு.

முதலில் ஆயில் அளவு பார்த்தான், சரியாக இருந்தது. அழுத்தம் அளக்கிற மீட்டரை மாட்டிப் பார்த்தான், அதுவும் சரி. அப்படியென்றால் விளக்கு பொய் சொல்கிறது. இஞ்சினில் இருக்கிற ஆயில் சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றினான். கழற்றினால் விளக்கு அணைய வேண்டும், அணையவில்லை. சுவிட்சில் கோளாறு இல்லை, வழியில் எங்கேயோ ஒயர் தோல் உரிந்து பாடியில் தொடுகிறது. எங்கே என்று தேட ஒரு முழு நாள் ஆனது. இஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் தகரத்தில் ஒரு ஓட்டை, அதில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ விழுந்துவிட்டிருக்கிறது. தகரம் அரைத்து அரைத்து ஒயர் பல்லிளித்துக்கொண்டிருந்தது. என் கடையில்தான் வளையம் வாங்கினான். இருப்பதிலேயே நல்லதாகக் கொடுங்கள் என்று இரண்டு முறை சொன்னான்.

முடித்துவிட்டு வேடியப்பனை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"சாவி போட்டா செவப்பு தெரியணும். ஸ்டார்ட் ஆனா போயிடணும். இனிமே அது பொய் சொல்லாது. ஓட்டிக்கினு இருக்கும்போது எரிஞ்சிச்சின்னா எந்த வளைவுன்னாலும் சரி, அங்கயே ஆஃப் பண்ணிட்டு எறங்கிடு. ஆளுங்க திட்டுனா திட்டட்டும்."

"சரிண்ணே. நீங்க சொல்லிட்டீங்க இல்ல, அப்புறம் இன்னா" என்றான் வேடியப்பன். அவன் சொன்னால் செய்கிறவன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ரோட்டில் அன்றைக்கு வண்டி வரிசை கட்டி நிற்கும். சின்னக்கண்ணு கைராசிக்காரன் என்று ஒரு பேச்சு. அவன் பொட்டு வைத்தால் வருடம் முழுக்க வண்டி நடுவழியில் நிற்காது என்று நம்பி மலையிலிருந்தெல்லாம் வருவார்கள். நான்தான் சந்தனம் குழைப்பேன். முந்தின வருடம் தண்ணீராகக் குழைத்துவிட்டேன், எல்லா வண்டியிலும் வழிந்து அசிங்கமாகப் போனது. அதனால் இந்த முறை பன்னீர் விட்டு வெண்ணெய் பதத்துக்குக் கெட்டியாகக் குழைத்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது எனக்கு.

வேடியப்பன் செவ்வந்தியோடு வந்தான். இருவரும் புதுத்துணி. சின்னக்கண்ணு முன்பக்கம் பொட்டு வைத்தான், ஸ்டீயரிங்குக்கு வைத்தான். "மீட்டருக்கும் வைங்கண்ணே, நான் நாளெல்லாம் பாக்கறது அதத்தான்" என்றான் வேடியப்பன். சின்னக்கண்ணு சிரித்துக்கொண்டே ஒரு கட்டி சந்தனத்தை எடுத்து மீட்டர் கண்ணாடியில் அப்பி நடுவில் குங்குமம் வைத்தான். பின்னால் பதினைந்து வண்டி நின்றது. யார் பார்த்தார்கள் அது கண்ணாடியில் எந்த இடம் என்று. நானும் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை மதியம் வேடியப்பனிடமிருந்து போன் வந்தது. சின்னக்கண்ணு ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். போனை நெஞ்சின் மேல் வைத்து ஸ்பீக்கரில் பேசினான். கடை முழுக்க ஆள், எல்லாருக்கும் தீபாவளிக்குள் வண்டி வேண்டும்.

"அண்ணே, கொஞ்ச நாளா சாவி போட்டா ஆயில் லைட்டு வரலண்ணே."

"ஸ்டார்ட் நல்லா ஆவுதா?"

"அதெல்லாம் சூப்பரா ஆவுது. லைட்டுதான் தெரியல."

நான் அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கொண்டுவா, பார்த்துச் சொல்கிறேன் என்று வரும் என நினைத்தேன். வரவில்லை. அந்த ஒரு தடவை அவன் வேறு மாதிரி சொன்னான். அந்த ஒயர் முழுக்க அவன் கையால் இழுத்தது, மூன்று மாதத்துக்கு முன்னால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தது. அந்தத் தைரியம்.

"பல்பு போயிருக்கும்டா. ஆயில் அளவு பாத்துக்கினு ஓட்டு. தீபாவளி முடிஞ்சி திங்கக்கெழம கொண்டா, போட்டுத் தரேன்."

"சரிண்ணே."

சனிக்கிழமை காலையில் வேடியப்பன் வெள்ளிமலையிலிருந்து துணி எடுக்கப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான். முந்தின நாள் பெய்த மழையில் ஒரு இடத்தில் பாதை அரித்துக் கல் துருத்திக்கொண்டிருந்திருக்கிறது. அது வண்டியின் அடிவயிற்றில் இடித்து ஆயில் சேம்பரைப் பிளந்துவிட்டது. ஆயில் வழியெல்லாம் கொட்டியிருக்கிறது. அது தெரியாமல் நாலு வளைவு இறங்கிவிட்டான். ஐந்தாவது வளைவில் ஆயில் இல்லாத இஞ்சின் சூட்டில் இறுகி அப்படியே பிடித்துக்கொண்டது. இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்த வண்டி, பின்சக்கரம் சுற்றாமல் ஈர ரோட்டில் வழுக்கிப் பள்ளத்தில் போய் விழுந்தது. முன்சீட்டில் இருந்த இருசம்மாளுக்கு இடுப்பு முறிந்தது. பின்னால் இருந்தவர்கள் காயத்தோடு தப்பினார்கள். வேடியப்பன் அங்கேயே போய்விட்டான். முப்பத்திரண்டு வயது.

சாவுக்கு நானும் சின்னக்கண்ணுவும் போனோம். திரும்பி வரும்போது பஸ்ஸில், "பல்புதான்க்கா போயிருக்கும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாலைந்து நாளில் செவ்வந்தி எங்கள் கடைக்கு வந்தாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள்.

"இருசம்மாளோட பசங்க ஊரெல்லாம் சொல்றாங்கண்ணே. லைட்டு எரிஞ்சிருக்கும், டிரிப்பு வுட்டுடக் கூடாதுன்னு பாத்தும் பாக்காத மாதிரி ஓட்டிக்கினு வந்துட்டான்னு. எம் மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. அவரு அப்புடி ஆளா அண்ணே? உங்களுக்குத் தெரியும் இல்ல. நீங்க அந்த வண்டியப் பாத்து, லைட்டு எரிஞ்சிதா இல்லியான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

பல்பு போயிருந்தால் வேடியப்பன் மேல் தப்பில்லை. பல்பு நன்றாக இருந்தால் அவன் பார்த்துவிட்டுத்தான் ஓட்டினான். அவ்வளவுதான் விஷயம் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம்.

ஜீப்பை எடுத்துவந்து கோமுகி அணைக்குப் போகிற வழியில் செவ்வந்தியின் சித்தப்பாவுடைய கரும்புக் காட்டு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் காலையில் போனோம். கூரை நசுங்கியிருந்தது, முன் கண்ணாடி இல்லை. மீட்டர் இருந்த இடம் மட்டும் எப்படியோ அடிபடாமல் அப்படியே இருந்தது, பொட்டோடு. வண்டியின் பேட்டரி உடைந்திருந்ததால் சின்னக்கண்ணு கடையிலிருந்து ஒன்று தூக்கி வந்திருந்தான். இணைத்தான். செவ்வந்தியை ஸ்டீயரிங் பக்கம் நிற்கவைத்து, "சாவியத் திருப்புமா" என்றான்.

திருப்பினாள். மீட்டரில் சிவப்பு வரவில்லை. அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நான் பார்த்தேன். "எரியலண்ணே, பாருங்க, எரியல" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். பல்பு போய்விட்டது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவளுக்கும் நிம்மதி, இவனுக்கும் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அந்தப் பாவி பார்க்காமல் சொல்ல மாட்டானே. ஒரு தடவை சொன்னதே போதும் என்று இருந்திருக்கிறது அவனுக்கு.

இஞ்சின் பக்கம் குனிந்து ஆயில் சுவிட்சின் ஒயரைக் கழற்றினான். டெஸ்ட் லேம்பின் ஒரு ஊசியை அந்த ஒயரிலும் இன்னொன்றைப் பாடியிலும் வைத்தான். அவன் கையில் இருந்த பல்பு மங்கலாக எரிந்தது. அவன் கை நின்றுவிட்டது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தான். திரும்பவும் எரிந்தது.

எனக்கும் இத்தனை வருடத்தில் அந்த அளவுக்குத் தெரியும். மீட்டரில் இருக்கிற பல்பைத் தாண்டித்தான் அந்த ஒயருக்குக் கரண்ட் வர முடியும். உள்ளே பல்பு போயிருந்தால் இங்கே ஒரு பொட்டுக் கரண்ட் வராது. அப்படியென்றால் பல்பு போகவில்லை.

அவன் ஒயரைத் திரும்ப மாட்டினான். நடந்து வந்து ஸ்டீயரிங் பக்கம் நின்று மீட்டரையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு விரலை அந்தச் சந்தனத்தின் மேல் கொண்டுபோனான்.

"அண்ணே, அத அழிக்காதீங்க" என்றாள் செவ்வந்தி. "அடுத்த பூச வரைக்கும் இருக்கணும்னு சொன்னாரு. வண்டி கழுவும்போதுகூட மீட்டரு பக்கம் துணி வெக்க வுட மாட்டாரு. எங்க அண்ணன் வெச்சது, நீ தொடாதன்னு என்னைய வைவாரு."

சின்னக்கண்ணு அவளைப் பார்த்தான். அப்புறம் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். காய்ந்த சந்தனம் ஒரு சில்லாகப் பெயர்ந்து கீழே விழுந்தது. அடியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

செவ்வந்தி கையை நீட்டிச் சாவியை அணைத்தாள், சிவப்பு போனது. திரும்பப் போட்டாள், வந்தது. அணைத்தாள். போட்டாள். எத்தனை தடவை செய்தாள் என்று எனக்குத் தெரியாது, எண்ணுகிற நிலைமையில் நான் இல்லை.

"அப்ப அன்னிக்கி நாலு வளைவும் இது எரிஞ்சிக்கினேதான் இருந்துதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அவருக்கு எதிர்க்கவே."

"அவனால பாத்திருக்க முடியாதும்மா. நான்தான் மூடி வெச்சேன். கேட்டதுக்கும் பாக்காம சொன்னேன்." அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. கரும்புக் காட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தாறு வயது ஆள் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான். எனக்கு அவன் மேல் கோபம் வந்தது, வேடியப்பன் மேல் வந்தது, சாமி மேல் வந்தது. யாரை அடிப்பது என்று தெரியாமல் அந்த ஜீப்பின் கதவைக் கையால் அடித்தேன். செவ்வந்தி அவனைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே கிடந்த சந்தனச் சில்லை எடுத்துப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள்.

அடுத்த நாளே சின்னக்கண்ணு வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, நானும் கூடப் போனேன். நேராக இருசம்மாள் வீட்டுக்குத்தான் போனான். அவள் இடுப்பில் கட்டோடு படுத்திருந்தாள், மகன்கள் இரண்டு பேரும் இருந்தார்கள், அக்கம்பக்கத்து ஆட்களும் கூடிவிட்டார்கள். சின்னக்கண்ணு உட்காராமல் சொன்னான்.

"வேடியப்பன் மேல தப்பு இல்லீங்க. லைட்டு எரிஞ்சிது, ஆனா அவன் கண்ணுக்குத் தெரியல. நான் பூசைக்கி வெச்ச சந்தனம் அத மறச்சிட்டுது. தெரியலன்னு எனக்குப் போனும் போட்டான். நான்தான் ஓட்டுன்னு சொன்னேன். பேசறதா இருந்தா என்னைப் பேசுங்க. அவனப் பேசாதீங்க."

பெரிய மகன் சட்டையைப் பிடிக்க எழுந்தான். இருசம்மாள் படுத்தபடியே, "வுடுடா" என்றாள். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நானும் வழி முச்சூடும் அதத்தான் பாத்துக்கினு வந்தேன். பொட்டு அவ்ளோ அழகா இருந்துச்சு."

அதற்குப் பிறகு ஊரில் வேடியப்பனை யாரும் பேசவில்லை. செவ்வந்தி கேட்டது கிடைத்துவிட்டது. பேச்செல்லாம் சின்னக்கண்ணு மேல் திரும்பியது. பாதிப் பேர் அவனைக் கொலைகாரன் என்றார்கள், பாதிப் பேர் உத்தமன் என்றார்கள். மலை வண்டி ஒன்றும் இப்போது அவன் கடைக்கு வருவதில்லை. வருகிற மற்ற வண்டிகளை, எந்த வேலைக்கு வந்திருந்தாலும், சாவியைப் போடச் சொல்லி, "செவப்பு தெரியுதா?" என்று கேட்காமல் அனுப்ப மாட்டான். தெரிகிறது என்று டிரைவர் வாயால் சொல்ல வேண்டும். ஹாரன் மாற்ற வந்தவன்கூடச் சொல்ல வேண்டும். சிலர் அவன் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் பஸ் கண்டக்டரிடம் இன்னும் தூக்கு வருகிறது, செவ்வந்தி அனுப்புகிறாள். அவன் திறப்பதில்லை. நான்தான் கழுவித் திருப்பி அனுப்புகிறேன்.

இந்த வருடம் ஆயுத பூஜையன்று அவன் கடையைத் திறக்கவில்லை, உள்ளே உட்கார்ந்திருந்தான். நான் சந்தனம் குழைக்கவில்லை. சாயங்காலம் தகரத்தைச் சுற்றிக்கொண்டு அவன் கடைக்குள் போனேன். ஒரு வருடமாக நெஞ்சில் கல் மாதிரி கிடந்ததை அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போனேன்.

"சின்னக்கண்ணு, அந்தச் சந்தனத்த அவ்ளோ கெட்டியா கொழச்சது நான்டா. முந்தின வருசம் மாதிரி தண்ணியா இருந்திருந்தா லைட்டு தெரிஞ்சிருக்கும். காஞ்சி உதிர்ந்தாவது போயிருக்கும். மலையில அத்தன பேரு நடுவுல நீ சொன்னப்ப நான் வாய மூடிக்கினு நின்னேன்."

அவன் தலையைத் தூக்கவில்லை. மடியில் கிடந்த டெஸ்ட் லேம்ப் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"தெரியும்க்கா. சொரண்டும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"செவ்வந்தி யாரையாவது வெறுக்கணும் இல்ல. அதுக்கு ஒரு ஆளு போதும்க்கா" என்றான்.

நான் திரும்பி என் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். பன்னீர் பாட்டில் போன வருடத்தில் பாதி மிச்சம் வைத்தது அலமாரியில் அப்படியே இருந்தது.